மூணாறு தலைப்பு

நீடாமங்கலம் தாலுகா ஆபீசில்
ஏழு வருடமாகத் தற்காலிகத் தட்டச்சர் நான்.
மழை விட்டுக் கணக்கெடுப்பு தொடங்கினால்
தண்ணீரில் மூழ்கிய ஊரெல்லாம் கரையேறும்,
காகிதத்தில் நான் மூழ்குவேன்.

சொந்தக் குற்றத்திலிருந்தே சொல்கிறேன்.
பூவனூர் காத்தமுத்துவுக்கு மூன்று ஏக்கர் வாழை.
சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வி.ஏ.ஓ. போனில் சொன்னார்,
"வாளை, மூணு ஏக்கர், முழுச் சேதம்."
எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் விருந்தாளி,
மேடை போட்டால் வரும், பந்தி முடிந்தால் போய்விடும்.
காதில் விழுந்தபடி அடித்தேன்.
கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை.
ஏன் போடும்? வாளையும் சொல்தான்,
மடை திறந்தால் துள்ளுகிற சொல்.

கோப்பு மீன்வளத் துறைக்குப் போனது.
குளத்தின் சர்வே எண் கேட்டார்கள்.
குஞ்சு விட்ட தேதி கேட்டார்கள்.
பதினோரு மாதம் கழித்து அது திரும்பியபோது
காத்தமுத்து அந்த நிலத்தில் உளுந்து விதைத்து, எடுத்து,
விற்றும் முடித்திருந்தார்.
என்னைத் திட்டவில்லை.
"வாளை நல்ல வெலைக்குப் போவுதும்மா" என்றார்.
திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு பயமும்
என்னோடு டவுன் பஸ்ஸில் வேலைக்கு வருகிறது.
கூரை போன வீட்டுக்குக் கூறை என்று அடித்தால்
மாயவரத்துக் கல்யாணப் புடவைதான் பறந்துபோகும்.
வெள்ளம் ஒரு எழுத்துத் தவறினால்
வயலில் இடுப்பளவு வெல்லப்பாகு.
'நிவாரணம் கோரல்' என்பதில் ர தடித்து ற ஆனால்
பழந்தமிழில் அது கொலை.
"அது எழுத்துப்பிழை இல்லாமலே நடக்குது"
என்பார் பக்கத்து மேசை சவுரிராஜன்,
முத்திரை மையைத் துடைத்துக்கொண்டே.

வாய்விட்டுப் படித்துப் பார் என்கிறார்கள்.
வாயில்தானே எல்லாம் ஒன்றாகிறது?
மூணாறு தலைப்பில் போய் நில்லுங்கள்.
வந்து சேருவது ஒரே தண்ணீர், ஒரே செம்மண் நிறம்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று
ஷட்டர்தான் பிரிக்கிறது.
கண்ணை மூடிக் கேட்டால் மூன்றும் ஒரே இரைச்சல்.
தவறான கதவை ஏற்றினால்
நனைவது வேறு ஊர்.

மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்:
கேட்டதை அடிக்காதே, நடந்ததை அடி.

நேற்று ஒளிமதியிலிருந்து தையல்நாயகி வந்தார்.
(அந்த ஊரை ஒருமுறை ஒழிமதி என்று அடித்து
நிலாவையே ஒழிக்கப் பார்த்தேன்.
தாசில்தார் கையெழுத்துக்கு ஒரு மேசை முன்னால் பிடித்தேன்.)
விதவை உதவித்தொகை மனு, அவரே எழுதியது,
கோடு போட்ட தாளில் கோட்டுக்குக் கீழே இறங்கிய எழுத்து:
'என் கணவர் போன ஐப்பசியில் இரந்துவிட்டார்.'

பேனாவால் ர-வை அடித்து மேலே ற போட்டேன்.
"என்ன மாத்துனீங்க?"
சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.
இந்த எழுத்துப் போட்டால் செத்துப்போவது,
அந்த எழுத்துப் போட்டால் கையேந்துவது.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார்.
"அதுவுந்தான் நடந்துச்சு" என்றார்.
"சொசைட்டியில, உரக்கடையில, எங்க அண்ணன் வீட்டுல.
மொதல்ல அது. அப்பறந்தான் இது."

என் பேனா மூடியைத் தேடினேன்.
கையில்தான் இருந்தது.

"மனுவுல சரியானதையே போடுங்கம்மா.
மத்தது அவங்களுக்கு எதுக்கு?"

அடித்தேன். இறந்துவிட்டார்.
மூன்று முறை, உதடு அசையாமல், கண்ணால் படித்தேன்.
கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன்.
தை, ய, ல் என்று நிறுத்தி நிறுத்தி எழுதினார்.
எந்த ல் என்று
யாரையும் கேட்கவில்லை.